சொந்த மனையில் வீடு கட்டும்போது தகராறு வராமல் தடுப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் சொந்த மனையில் வீடு கட்டுகிறவர்களில் பலர் மேஸ்திரியிடமோ சிறிய கட்டுமான ஒப்பந்ததாரரிடமோ வேலையை ஒப்படைக்கிறார்கள். பூமி பூஜை நாளில் உறவினரைப் போலப் பழகியவர்கள், லிண்டல் மட்டம் (கதவு, ஜன்னலுக்கு மேலே வரும் கான்கிரீட் பட்டை) வருவதற்குள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்காமல் போவதைக் கட்டடப் பொறியாளர்கள் அடிக்கடி பார்க்கிறோம். வாழ்நாள் சேமிப்பைப் போட்டுக் கட்டுகிற உரிமையாளரும், அந்த ஒரு வேலையை நம்பிப் பத்துப் பதினைந்து பேருக்குச் சம்பளம் கொடுக்கிற ஒப்பந்ததாரரும் இதனால் ஒருசேர நொடிந்துபோகிறார்கள். இரு தரப்பினரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

தகராறுகள் பெரும்பாலும் எங்கிருந்து தொடங்குகின்றன?

ஏமாற்ற வேண்டும் என்ற எண்ணத்தோடு வேலையை ஆரம்பிக்கிறவர்கள் குறைவு. வேலை தொடங்கும் முன் பேசாமல் விட்ட விஷயங்களும், வேலை நடக்கும்போது செய்த மாற்றங்களை அன்றைக்கே எழுதி வைக்காததுமே பெரும்பாலான சண்டைகளுக்குக் காரணம். "சதுர அடிக்கு இவ்வளவு" என்று பேசி முடித்தவுடன், தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர் எல்லாம் அதில் அடக்கம் என்று உரிமையாளர் நினைத்துக்கொள்கிறார். கூரைக்குக் கீழே உள்ளது மட்டும்தான் கணக்கு என்று ஒப்பந்ததாரர் நினைத்துக்கொள்கிறார். இருவரும் தங்கள் மனத்தில் உள்ளதை நேர்மையாகவே நம்புகிறார்கள் என்பதால்தான் பிறகு சமரசம் செய்வது இவ்வளவு கடினமாகிறது.

சதுர அடி ரேட்டில் பேசினால், எதையெல்லாம் சதுர அடியில் சேர்ப்பது?

இதற்கு ஊருக்கு ஒரு வழக்கம், ஆளுக்கு ஒரு வழக்கம் இருக்கிறது. போர்டிகோவை முழு ரேட்டில் கணக்கிடுகிறவர்களும் உண்டு, பாதி ரேட்டில் கணக்கிடுகிறவர்களும் உண்டு. மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம், பால்கனி, வெளிப்படிக்கட்டு, சன்ஷேடு, லாஃப்ட் ஆகியவற்றிலும் இதே குழப்பம்தான். எந்த வழக்கம் சரி என்று வாதாடுவதில் பயன் இல்லை. நம் வீட்டுக்கு எது என்பதை முன்கூட்டியே முடிவு செய்வதே முக்கியம்.

ஒரு கணக்கைப் பாருங்கள். தரைத்தளம் 1,000 சதுர அடி, போர்டிகோ 150, ஹெட்ரூம் 120 என்று வைத்துக்கொள்வோம். மூன்றையும் முழுதாகச் சேர்த்தால் 1,270 சதுர அடி. பின் இரண்டையும் பாதியாக எடுத்தால் 1,135. சதுர அடிக்கு 2,400 ரூபாய் என்றால், இந்த 135 சதுர அடியின் வித்தியாசம் மட்டும் 3,24,000 ரூபாய். கடைசித் தவணையில் இந்தத் தொகை திடீரென்று கிளம்பினால் எந்தக் குடும்பம் அமைதியாக ஏற்றுக்கொள்ளும்?

ஆகவே வரைபடத்தின் நகல் ஒன்றில் முழு ரேட்டுக்கு உரிய பகுதிகளை ஒரு நிறத்திலும், பாதி ரேட்டுக்கு உரியவற்றை வேறு நிறத்திலும் தீட்டி, மொத்தப் பரப்பளவை அதிலேயே எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்துடன் இணைத்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், சுற்றுச்சுவர், கேட், போர்வெல், மொட்டை மாடித் தட்டோடு, கிரில், மாடுலர் கிச்சன் ஆகியவற்றுக்கு எதிரே "அடக்கம்" அல்லது "தனி" என்று குறிப்பிடுங்கள். தனி என்றால் அதன் தொகையையும் அப்போதே எழுதுங்கள்.

லேபர் ரேட்டுக்கு விடுவதா, மெட்டீரியலோடு விடுவதா? எதில் தகராறு குறைவு?

இரண்டிலும் தகராறு வரும், இடம்தான் மாறும். லேபர் ரேட்டில் பொருள் வாங்கித் தருவது உரிமையாளர் பொறுப்பு என்பதால், எம்-சாண்ட் லாரி வராத நாளில் சும்மா நின்ற ஆட்களுக்குக் கூலி யார் கொடுப்பது, சிமெண்ட் மூட்டை அளவுக்கு மேல் செலவானால் யார் பொறுப்பு, சாரம், கலவை மெஷின், வைப்ரேட்டர் வாடகை யாருடையது என்ற கேள்விகள் எழும். மெட்டீரியலோடு விட்டால் தரமும் பிராண்டும்தான் சண்டைக்குக் காரணமாகும். தினமும் வேலையிடத்துக்குப் போக முடியாதவர்கள் மெட்டீரியலோடு விட்டு, மேற்பார்வைக்கு ஒப்பந்ததாரரைச் சாராத ஒரு பொறியாளரை அமர்த்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து.

ஜிஎஸ்டி பற்றியும் வாய் திறந்து பேசிவிடுங்கள். தனி வீடு ஒன்றைக் கூலி மட்டும் பெற்றுக் கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு வரிவிலக்கு உண்டு. பதிவு பெற்ற ஒப்பந்ததாரர் பொருளோடு சேர்த்துக் கட்டித் தந்தால் 18 சதவீத வரி வரும். பேசிய ரேட்டில் வரி அடக்கமா, கூடுதலா என்று ஒரு வரி எழுதாததால், வேலையெல்லாம் முடிந்த பிறகு பல லட்சம் ரூபாய்க்குப் பிணக்கு ஏற்படுகிறது.

பொருட்களின் தரத்தை ஒப்பந்தத்தில் எப்படி எழுதுவது?

"நல்ல தரமான பொருட்கள்" என்று எழுதுவது எதையும் எழுதாததற்குச் சமம். கம்பி என்றால் எஃப்இ 500டி என்ற வலிமைக் கிரேடு, இன்னின்ன கம்பெனிகளில் ஒன்று என்று எழுத வேண்டும். கான்கிரீட் என்றால் எம்20 அல்லது எம்25 என்ற வலிமைக் கிரேடு. கையால் அளந்து கலப்பதா, ரெடிமிக்ஸா என்பதும் வேண்டும். கட்டு வேலைக்கும் பூச்சு வேலைக்கும் எந்த மணல், செங்கல்லா, ஃப்ளை ஆஷ் கல்லா, ஏஏசி பிளாக்கா (எடை குறைந்த கான்கிரீட் கல்) என்பதும் தெளிவாக இருக்க வேண்டும். "அல்லது அதற்கு இணையானது" என்ற சொல்லைச் சேர்த்தால், எது இணையானது என்று முடிவு செய்கிறவர் யார் என்பதையும் எழுதுங்கள்.

அதிகம் சண்டை வருவது டைல்ஸில்தான். "டைல்ஸ் சதுர அடிக்கு 60 ரூபாய்" என்று எழுதியிருப்பார்கள். அந்த 60 ரூபாய் கடையில் கொடுக்கும் விலையா, வரியும் வண்டி வாடகையும் சேர்த்ததா, சேதாரத்துக்கு எத்தனை சதவீதம் கூடுதலாக வாங்குவது, குளியலறைச் சுவரில் எத்தனை அடி உயரத்துக்கு ஒட்டுவது என்பதெல்லாம் விடுபட்டிருக்கும். மின்சார வேலையில் அறைவாரியாக எத்தனை லைட் பாயிண்ட், எத்தனை பிளக், ஏசிக்கு எத்தனை என்று எண்ணி எழுதாவிட்டால், ஒவ்வொரு கூடுதல் பாயிண்டும் ஒரு வாக்குவாதமாகிவிடும்.

அஸ்திவாரம் தோண்டும்போது எதிர்பாராத மண் வந்தால் கூடுதல் செலவு யாருடையது?

ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். எழுதாதிருந்தால் இருவருமே தங்கள் பக்கம் நியாயம் இருப்பதாகச் சொல்வார்கள், அதில் உண்மையும் இருக்கும். கரிசல் மண் பகுதியிலும், பழைய ஏரி, குட்டை, வயல்களைத் தூர்த்துப் போட்ட மனைகளிலும் மண் பரிசோதனை செய்யாமல் ரேட் பேசுவது இருவருக்குமே ஆபத்து. வீட்டின் மொத்தச் செலவோடு பார்த்தால் பரிசோதனைக்கு ஆகும் தொகை மிகச் சிறியது.

இது நடைமுறையில் எப்படிச் சிக்கலாகிறது என்று பாருங்கள். வரைபடத்தில் குழியின் ஆழம் 5 அடி. தோண்டினால் 5 அடியிலும் உடைந்த செங்கல்லும் குப்பையும் கலந்த நிரப்பு மண்தான் வருகிறது. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். மேஸ்திரி நல்லெண்ணத்தோடு சில குழிகளை 8 அடி வரை இறக்கி, மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அன்று மாலையே கான்கிரீட் போட்டு மூடிவிடுகிறார். இரண்டு மாதம் கழித்துக் கணக்குப் பார்க்கும்போது, எத்தனை குழி எத்தனை அடி போனது என்பதற்கு மேஸ்திரியின் வாய்வார்த்தையைத் தவிர ஆதாரம் எதுவும் இல்லை. தோண்டிப் பார்க்கவும் முடியாது.

மண்ணுக்கடியிலும் கான்கிரீட்டுக்குள்ளும் மறையப் போகிற எந்த வேலைக்கும் ஒரே விதிதான்: மூடுவதற்கு முன் அளந்து பதிவு செய்ய வேண்டும். குழிக்குள் டேப்பைத் தொங்கவிட்டு, தூணின் எண்ணை ஒரு சிலேட்டில் எழுதி அருகில் வைத்துப் படம் எடுத்து, உரிமையாளருக்கு அனுப்பி, அவர் சம்மதம் வந்த பிறகே கான்கிரீட் போட வேண்டும். 5 அடிக்குக் கீழே போகும் ஒவ்வொரு கன அடிக்கும் தோண்டுவதற்கு எவ்வளவு, கான்கிரீட்டுக்கு எவ்வளவு என்ற ரேட்டை ஒப்பந்தத்திலேயே பேசி வைத்திருந்தால், ஆழம் கூடினாலும் பேரம் பேச வேண்டியதில்லை.

வேலை நடக்கும்போது உரிமையாளர் மாற்றம் சொன்னால் அதை எப்படிக் கையாள்வது?

மாற்றம் சொல்வது உரிமையாளரின் உரிமை. அதற்கு உரிய தொகையும் நாளும் பெறுவது ஒப்பந்ததாரரின் உரிமை. சமையலறை மேடையை இரண்டு அடி நீட்டுவது, பூஜை அறைக்கு ஒரு சுவர் சேர்ப்பது, ஜன்னலைப் பக்கவாட்டில் நகர்த்துவது போன்றவை சொல்லும்போது சின்ன வேலையாகத் தெரியும். அப்போது தொகை பேசினால் முகம் கோணுமே என்று ஒப்பந்ததாரர் தயங்குகிறார். கடைசியில் அத்தனையையும் சேர்த்து "எக்ஸ்ட்ரா வேலை" என்று ஒரு நீளமான பட்டியல் நீட்டும்போது, உரிமையாளருக்கு அது வழிப்பறியாகத் தோன்றுகிறது.

கார்பன் நகல் எடுக்கக்கூடிய ஒரு பில் புத்தகத்தை வேலையிடத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். மாற்றம் என்ன, கூடும் அல்லது குறையும் தொகை எவ்வளவு, எத்தனை நாள் தள்ளிப்போகும், யார் சொன்னது என்ற நான்கையும் எழுதி, தேதியிட்டு, இருவரும் கையெழுத்திட்ட பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். விட்டுவிட்ட வேலைக்குக் கழிக்க வேண்டிய தொகையையும் அதே புத்தகத்தில் எழுத வேண்டும். கூடுவதை மட்டும் எழுதிக் குறைவதை மறப்பதும் சண்டைக்கு வித்துதான்.

இன்னொன்று, குடும்பத்தில் யார் சொன்னால் மேஸ்திரி மாற்றம் செய்யலாம் என்பதை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். அண்ணன் ஒன்று சொல்ல, அண்ணி வேறொன்று சொல்ல, மாமனார் வந்து சுவரை இடிக்கச் சொல்லும் வீடுகளில் ஒப்பந்ததாரர் யார் பேச்சைக் கேட்பார்?

எழுத்தில் தராத மாற்றத்துக்கு உரிமையாளர் பணம் தர வேண்டியதில்லை என்பது உண்மையா?

முழு உண்மையல்ல. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 70ஆவது பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணம் இல்லாமல் ஒருவர் சட்டப்படி செய்து கொடுத்த வேலையின் பயனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தரக் கடமைப்பட்டவராகிறார். ஆனால் அதை நீதிமன்றத்தில் நிரூபித்துப் பெறுவதற்குள் ஒப்பந்ததாரர் களைத்துப்போவார். வாட்ஸ்அப் செய்திகளும் சான்றாகப் பயன்படும். 2023ஆம் ஆண்டின் பாரதிய சாட்சிய அதிநியமத்தின் (சாட்சியச் சட்டம்) 63ஆவது பிரிவு மின்னணுப் பதிவுகளுக்குக் கேட்கும் சான்றிதழை உடன் இணைக்க வேண்டும். குரல் அழைப்பில் பேசியதை, "இன்று பேசியபடி" என்று தொடங்கி ஒரு வரிச் செய்தியாக அனுப்பிவிடும் பழக்கம் இரு தரப்பையும் காப்பாற்றும்.

பணத்தை எந்தத் தவணைகளில் கொடுப்பது பாதுகாப்பானது?

நடந்த வேலையை விடப் பணம் வெகுதூரம் முன்னால் போகக்கூடாது, வெகுதூரம் பின்தங்கவும் கூடாது. பணம் முன்னால் போய்விட்டால் ஒப்பந்ததாரருக்கு அடுத்த வேலையிடத்தின் மீது கவனம் போகும். பின்தங்கினால் சனிக்கிழமை கூலி கொடுக்க முடியாமல் ஆட்கள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள், வேலை நின்றுவிடும். பேஸ்மென்ட் (தரைமட்டம் வரையிலான அடித்தளம்), லிண்டல், ரூஃப் கான்கிரீட், உள்பூச்சு, வெளிப்பூச்சு, தரை, பெயிண்ட் என்று கண்ணால் பார்த்து உறுதி செய்யக்கூடிய கட்டங்களாகப் பிரியுங்கள். ஒரு கட்டம் முடிந்ததாகச் சொல்வதற்கு என்னென்ன முடிந்திருக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். ரூஃப் முடிந்தது என்றால் கான்கிரீட் போட்ட நாளா, சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகையும் முட்டும்) பிரித்த நாளா?

வங்கிக் கடனில் கட்டுகிறவர்கள் வங்கி எந்தக் கட்டத்தில் பணம் விடுவிக்கும் என்று முன்பே கேட்டு, அதற்கு ஏற்ப ஒப்பந்தத் தவணைகளை அமைக்க வேண்டும். கடைசியாக ஒரு 5 சதவீதத்தை நிறுத்தி வைப்பது நியாயமானது. அதை நாள் கணக்கில் எழுதுவதை விட, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான ஒரு வடகிழக்குப் பருவமழை கடந்த பிறகு தருவதாக எழுதுவது நல்லது. கசிவும் ஓதமும் மழையில்தான் வெளிப்படும். ஒரு மழைக்காலம் முடிந்து குறை இல்லை என்றால், அந்தத் தொகையை ஒரு நாளும் தாமதிக்காமல் கொடுத்துவிட வேண்டும்.

அளவு எடுப்பதில் வரும் வித்தியாசத்தை எப்படித் தவிர்ப்பது?

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐஎஸ் 1200 என்ற தொகுப்பு, ஒவ்வொரு வேலையையும் எப்படி அளப்பது என்று சொல்கிறது. "அளவுகள் ஐஎஸ் 1200இன்படி" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதினால் பாதி வாக்குவாதம் தீர்ந்துவிடும். உதாரணமாக, பூச்சு வேலையில் 0.5 சதுர மீட்டர் வரையுள்ள திறப்புகளைக் கழிக்கத் தேவையில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சாக இருந்தால், ஒரு பக்கத்துக்கு மட்டும் கழிக்க வேண்டும். நான்குக்கு நான்கு அடி ஜன்னலும் சாதாரண வாசலும் இந்த இரண்டாம் வகையில் வரும்.

கம்பியின் எடைக்கு, விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து அதன் வர்க்கத்தை 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு ஏறத்தாழ 0.89 கிலோ. மணலும் ஜல்லியும் யூனிட் கணக்கில் வரும்போது, ஒரு யூனிட் என்பது 100 கன அடி. லாரியின் தொட்டியை அளந்த பிறகே இறக்கச் சொல்லுங்கள்.

கான்கிரீட்டின் தரம் பற்றிச் சந்தேகம் வந்தால் யார் சொல்வதை ஏற்பது?

சோதனைக்கூடம் சொல்வதை. ஐஎஸ் 456 என்ற தரவிதியின்படி 150 மில்லிமீட்டர் கியூப்களை வார்த்து, 28ஆம் நாள் அழுத்திப் பார்க்க வேண்டும். சோதனைச் செலவு யாருடையது, முடிவு சரியில்லை என்றால் என்ன செய்வது என்பவை முன்பே எழுதப்பட வேண்டும். சென்ட்ரிங் பிரிப்பதிலும் அவசரம் கூடாது. சாதாரண போர்ட்லேண்ட் சிமெண்டாக இருந்தால், 4.5 மீட்டர் வரை அகலமுள்ள தளத்துக்கு முட்டுகளைக் குறைந்தது 7 நாளும், அதற்கு மேல் 14 நாளும், 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாளும் வைத்திருக்க வேண்டும் என்று அந்த விதி சொல்கிறது. பிபிசி (போர்ட்லேண்ட் போசலானா) சிமெண்டுக்கு இன்னும் பொறுத்திருப்பது நல்லது.

தண்ணீர் பாய்ச்சிக் கியூரிங் செய்வது யார் வேலை என்று பலர் எழுதுவதே இல்லை. உரிமையாளர் செய்வார் என்று மேஸ்திரியும், மேஸ்திரி செய்வார் என்று உரிமையாளரும் இருந்துவிட்டால், பிறகு பூச்சில் வெடிப்பு வரும்போது பழி யார் மீதும் நிற்காது. தண்ணீரும் கரண்ட்டும் யார் செலவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

குறித்த காலத்தில் வேலை முடியாவிட்டால் அபராதம் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் ஒப்பந்தத்தில் எழுதிய தொகை முழுவதும் தானாகவே கிடைத்துவிடாது. ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆவது பிரிவின்படி, அந்தத் தொகையை மேல் எல்லையாகக் கொண்டு நியாயமான ஈட்டையே நீதிமன்றம் வழங்கும். தாமதத்தில் உரிமையாளர் பங்கும் இருக்கிறதா என்பதும் பார்க்கப்படும். டைல்ஸ் தேர்வு செய்ய மூன்று வாரம், நிலை, கதவுக்கு மரம் பார்க்க இரண்டு வாரம் என்று உரிமையாளர் எடுத்துக்கொண்ட நாட்களை யாரும் குறித்து வைப்பதில்லை. ஆகவே எந்தப் பொருளை எந்தத் தேதிக்குள் உரிமையாளர் தேர்வு செய்ய வேண்டும் என்ற அட்டவணையும், மழை, லாரி வேலைநிறுத்தம் போன்றவற்றுக்கு எத்தனை நாள் நீட்டிப்பு என்ற விதியும் ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரருடன் வரும் பிரச்சினைகளை எப்படித் தவிர்ப்பது?

தோண்டுவதற்கு முன் புலப்பட வரைபடத்தை எடுத்து, சர்வேயரைக் கொண்டு எல்லைக் கல் நட்டு, பக்கத்து மனைக்காரரையும் அழைத்துக் காட்டிவிடுங்கள். அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே உள்ள வெடிப்புகளை அவர் அனுமதியோடு படம் எடுத்து அவருக்கும் ஒரு நகல் கொடுங்கள். அனுமதி வரைபடத்தில் உள்ள பக்க இடைவெளியை ஓர் அடிகூடக் குறைக்கக் கூடாது. உரிமையாளரே கேட்டாலும் ஒப்பந்ததாரர் மறுக்க வேண்டும்.

பில்டரிடம் அடுக்குமாடி வீடு வாங்குகிறவர்களுக்கும் இதெல்லாம் பொருந்துமா?

அவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம் கூடுதல் பாதுகாப்பு தருகிறது. 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் அல்லது எட்டுக்கும் மேற்பட்ட வீடுகளோடு வரும் திட்டங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் கட்டமைப்புக் குறை தெரியவந்தால், சொன்ன 30 நாட்களுக்குள் கட்டணமின்றிச் சரிசெய்து தர வேண்டும். சொந்த மனையில் மேஸ்திரியை வைத்துக் கட்டுகிறவருக்கு இந்தச் சட்டம் உதவாது; அவருக்கு அவருடைய ஒப்பந்தமே காவல்.

எல்லாம் செய்தும் தகராறு வந்துவிட்டால் முதலில் என்ன செய்வது?

வேலையிடத்தைப் பூட்டாதீர்கள், ஒப்பந்ததாரரின் சென்ட்ரிங் ஷீட்டையும் ஜாக்கியையும் பிடித்து வைக்காதீர்கள். பொருளைப் பிடித்து வைத்த கணத்தில் கணக்குத் தகராறு காவல் நிலையத் தகராறாக மாறிவிடுகிறது. இருவரும் ஏற்கும் ஒரு பொறியாளரை அழைத்து, இருவர் முன்னிலையிலும் அதுவரை நடந்த வேலையை அளந்து, படம் எடுத்து, கையெழுத்துப் பெறுங்கள். வேறு ஆளை வைத்து வேலையைத் தொடர்ந்த பிறகு, முதல் ஆள் எவ்வளவு செய்தார் என்பதை யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்தப் பொறியாளரின் பெயரையோ, அவரைத் தேர்ந்தெடுக்கும் முறையையோ ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பது மிகவும் நல்லது. தகராறை நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் தீர்ப்பாயம் (ஆர்பிட்ரேஷன்) தீர்க்கும் என்று எழுதுவதானால், நடுவர் ஒரு தரப்பைச் சேர்ந்தவராகவோ, ஒரு தரப்பால் மட்டும் நியமிக்கப்படுபவராகவோ இருந்தால் அந்த நியமனம் நிற்பது கடினம். உரிமையாளருக்கு நுகர்வோர் ஆணையமும் திறந்தே இருக்கிறது. வீட்டுக் கட்டுமானமும் சேவையே என்று உச்ச நீதிமன்றம் 1993இல் லக்னோ மேம்பாட்டு ஆணையம் தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்திலும் அது இடம்பெற்றிருக்கிறது. கொடுத்த தொகை 50 லட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்தில், காரணம் எழுந்த 2 ஆண்டுகளுக்குள் புகார் தர வேண்டும். தன் பாக்கியைக் கேட்கும் ஒப்பந்ததாரர் உரிமையியல் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்; அவரிடம் எழுத்துச் சான்று இல்லையென்றால் அவர் நிலைதான் இன்னும் கடினம்.

ஒப்பந்தமே எழுதாமல் வேலை பாதி நடந்துவிட்டது. இப்போது எழுதலாமா?

எழுதலாம், சண்டை இல்லாத இந்த நேரமே அதற்கு ஏற்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் வேலையிடத்தில் உட்கார்ந்து, இதுவரை முடிந்த வேலை, கொடுத்த பணம், மீதி வேலை, அதற்கான தொகை, முடிக்க வேண்டிய தேதி ஆகியவற்றை எழுதி இரண்டு நகல் எடுத்துக் கையெழுத்திடுங்கள். பழைய எக்ஸ்ட்ரா வேலைகளில் இருவரும் ஒத்துக்கொள்கிறவற்றை அன்றே கணக்கில் ஏற்றுங்கள். ஒத்துக்கொள்ளாதவற்றை "பேச வேண்டியவை" என்று தனியே எழுதி, அடுத்த தவணைக்கு முன் அவற்றை முடிக்க ஒரு தேதியும் குறித்துக்கொள்ளுங்கள்.